மரம் ஏறுகிறவர் தாகத்துக்குக் காத்திருக்கக் கூடாது

சித்திரை பிறந்துவிட்டால் குடுமியான்மலையில் பாறை காய ஆரம்பித்துவிடும். அடிவாரத்தில் சிகாநாதசுவாமி கோயிலை வைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் குன்று, பகலில் வாங்கிய உஷ்ணத்தை இரவு வெகுநேரம் வரை விட்டுக்கொண்டிருக்கும். செம்மண்ணும் சரளையும் கலந்த சுற்றுவட்டார நிலமும் அப்படித்தான். ஆனால் மர வேலைக்கு இதுதான் பருவம். மாந்தோப்பில் காய் பறிக்க வேண்டும். தென்னையில் காய் போட வேண்டும். பனையில் பதநீர் இறக்க வேண்டும். தைல மரக் காட்டில் வெட்டும் பட்டை உரிப்பும் நடக்கும். சீமைக் கருவேலை வேரோடு எடுப்பவர்களும் நிலம் காய்ந்திருக்கும் இந்த மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த வேலைகளில் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போகும். கடும் வெயிலில் அதற்கு மேலும் போவது உண்டு. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒன்றேகால் லிட்டர் நீரை இழந்தாலே கைப்பிடி தளரும், கவனம் சிதறும். வயலில் களை எடுப்பவருக்குத் தலை சுற்றினால் வரப்பில் உட்கார்ந்துகொள்ளலாம். முப்பதடி உயரத்தில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெயிலில் மயங்கி மரத்திலிருந்து விழுந்தவரை ஊரார் ‘கால் தவறி விழுந்தார்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வெயிலைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

மரத்தின் மேல் இன்னொரு ஏமாற்றும் உண்டு. உச்சியில் காற்று வீசும். வியர்வை சுரந்த உடனே உலர்ந்துவிடும். சட்டை நனையாததால், தனக்கு வியர்க்கவே இல்லை என்று ஏறியவர் நினைத்துக்கொள்வார். கீழே நின்று காய் பொறுக்குபவர் தொப்பலாக நனைந்து தண்ணீர் கேட்பார். மேலே இருப்பவர் கேட்க மாட்டார். தாகம் என்பதே தாமதமாக வரும் செய்தி. நாக்கு வறளும்போது உடம்பு ஏற்கனவே கணிசமாக நீரை இழந்திருக்கும்.

ஆகவே தாகத்தை நம்பாமல் கணக்கை நம்புவது உசிதம். ஏறுவதற்கு முன்பே இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு 15 அல்லது 20 நிமிஷத்துக்கு ஒரு தம்ளர், அதாவது சுமார் 200 மில்லி. தென்னையில் காய் போடுகிறவர் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது; மூன்று நான்கு மரத்துக்கு ஒரு தம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். மாமரத்தில் ஒரே மரத்திலேயே வெகுநேரம் இருக்க நேரும். அங்கே காய் இறக்கும் கயிற்றிலேயே தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டி மேலே அனுப்பிவிடலாம். மொத்தமாக ஒரு செம்பைக் கவிழ்ப்பது பயன் தராது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறுந்தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், அதனாலும் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும்.

வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் அல்ல, உப்பும்தான். கெண்டைக்காலில் குரக்களி பிடித்து இழுப்பது பெரும்பாலும் அதன் அறிகுறி. இதற்கு நமது வீடுகளில் உள்ளதைவிடச் சிறந்த பானம் தேட வேண்டியதில்லை. உப்பிட்ட மோர், உப்பிட்ட நீராகாரம், கம்பங்கூழ் எல்லாம் நல்லவை. குடலில் சர்க்கரைச் சத்து இருந்தால் உப்பு அதோடு சேர்ந்து எளிதில் உள்ளே போகிறது, அதைத் தொடர்ந்து நீரும் போகிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமானவர்களைக் காப்பாற்றியது இந்த அடிப்படையில்தான். சோற்று நீரிலுள்ள மாவுச்சத்தும் குடலில் சர்க்கரையாகி அதே வேலையைச் செய்யும். நீராகாரம் இல்லாத வீட்டில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும். உப்பை அளவுக்கு மேல் போடக் கூடாது. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே இவற்றைக் குடிக்க வேண்டும்.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னை ஏறுகிறவர் அதையே முழுதும் நம்பியிருப்பது வழக்கம். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. இளநீரோடு உப்பிட்ட கஞ்சியும் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகும். வேலைக்கு நடுவே சாராயம், கள் கூடவே கூடாது. நீர் இழப்பை அது கூட்டும், ஏறும் காலையும் கெடுக்கும்.

பெண்களின் சிரமம் வேறு வகை. தைல மரக் கூப்பில் பட்டை உரிக்கும் பெண்கள் பலர், ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் பொழுதைத் தள்ளுகிறார்கள். வெட்டு முடிந்த கூப்பில் ஒரு புதர்கூட மறைவுக்கு இருக்காது, நிழலும் இருக்காது. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் இப்படித்தான் வந்து சேருகின்றன. குத்தகைக்காரர் நான்கு கம்பு நட்டு ஓலைத் தட்டி கட்டிக் கொடுத்தால் ஆகும் செலவு ஒரு நாள் கூலிகூட இல்லை. மரக் கணக்கில், டன் கணக்கில் கூலி பேசும்போது, தண்ணீர் குடிக்க இறங்குவதே நஷ்டம் என்று ஆள் நினைப்பதும் உண்டு. அந்த நேரத்துக்கும் சேர்த்தே கூலி பேச வேண்டியது தோப்புக்காரர் பொறுப்பு.

தண்ணீரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மேட்டார் கொட்டகையில் குடம் இருந்து, ஆள் அரை பர்லாங் தள்ளி மரத்தில் இருந்தால் யாரும் நடந்து வந்து குடிக்க மாட்டார்கள். ஈரத் துணி சுற்றிய மண்பானை வேலை நகர நகரக் கூடவே நகர வேண்டும்.

பனை ஏறுபவர்கள் அதிகாலையிலும் மாலையிலும் ஏறுவது நெடுநாள் வழக்கம். மற்ற மர வேலைகளையும் காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம். வெளியூரிலிருந்து புதிதாக வந்தவரையும், நோயில் கிடந்து எழுந்தவரையும் முதல் நாளே முழு வேலைக்கு ஏற்றக் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுவது என்று பழக்கினால் ஒரு வாரத்தில் உடம்பு வெயிலுக்கு இசையும்.

பேச்சுக் குழறி, தோல் கொதித்து, ஆள் நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்ல வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலில் இறங்கிவிடும்.

குடித்தது போதுமா என்று பார்க்க மாங்காய் நிறுக்கும் தராசே போதும். வேலைக்கு முன்னும் பின்னும் ஏறி நின்று பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் நீர். தராசு இல்லாத இடத்தில் சிறுநீரைப் பார்க்கலாம். வைக்கோல் நிறமாக இருந்தால் சரி. அடர் மஞ்சள் நிறத்துக்குப் போனால் அன்று மறுபடி ஏற வேண்டாம். இரவுச் சாப்பாட்டில் ரசமும் மோரும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டு, மறுநாள் காலை எடை பழைய நிலைக்கு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மரத்தில் கால் வைக்கலாம்.