‘திரும்பிச் சொன்னான்’னா நிஜமாவே திரும்பினானா? அம்பத்தூர் நைட் ஷிப்ட் முதல் பூந்தமல்லி கோர்ட் வரை… ஒரு ‘சொன்னான்’ படுத்தும் பாடு!

அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ல் லேத் மெஷின்களுக்காக உருவான இடம். இன்று பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. அப்படி ஒரு கட்டடத்தில், நைட் ஷிப்ட்டில், ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் ஒரு புது ஊழியரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆவடியிலிருந்து வருபவர், பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம். லைனில் ஓர் அமெரிக்க வாடிக்கையாளர். அவர் சொல்கிறார்:

“யுவர் கய் ப்ராமிஸ்டு மீ எ ரீஃபண்ட். தென் ஹி டர்ன்டு அரவுண்ட் அண்ட் டோல்ட் மீ ஐ வாஸ் டூ லேட்.”

புது ஊழியர் டிக்கெட்டில் குறித்துக்கொள்கிறார்: ‘ரீஃபண்ட் கேட்கும் காலம் முடிந்துவிட்டதாக முந்தைய ஏஜென்ட் தெரிவித்துள்ளார்.’

தகவலில் தப்பே இல்லை. ஆனால், வாடிக்கையாளர் போன் பண்ணியதே எதற்காகவோ, அது இதில் இல்லை. அவர் சொன்னது, “தர்றேன்னு சொன்ன ஆளு என்னடான்னா, லேட்டா வந்துட்டீங்கங்கிறான்!” என்பதுதான். அது புகார். டிக்கெட்டில் ஏறியது வெறும் விசாரணை. புகாருக்கு ஒரு வழி, விசாரணைக்கு வேறு வழி. அந்த ஒரு குறிப்பால் அவர் இன்னும் பல முறை போன் பண்ண வேண்டியிருக்கும்.

இங்கே ‘டர்ன் அரவுண்ட்’ என்பதில் யாரும் திரும்பவில்லை. போனில் பேசியவர் எங்கே திரும்புவது?

திரும்பாமலே திரும்புவது எப்படி?

ஒரு வினைச்சொல்லோடு ‘அவுட்’, ‘ஆன்’, ‘அப்’, ‘அரவுண்ட்’ போன்ற குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து புதுசா ஓர் அர்த்தம் தருவதைத்தான் ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். பள்ளியில் ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்த அதே சமாச்சாரம்தான். ஆனால், அடுத்தவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்லும்போது இவை செய்யும் வேலையை அந்தப் பட்டியல் சொல்லித்தராது.

அந்த வேலை இதுதான்: அவர் என்ன சொன்னார் என்பதோடு, அதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. ‘டர்ன் அரவுண்ட் அண்ட் சே’ என்றால், எதிர்பார்க்காததை, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார் என்று பொருள். பிரிட்டன்காரர்கள் ‘டர்ன் ரவுண்ட்’ என்பார்கள். ‘கம் அவுட் வித்’ என்றால், அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நாம் நினைக்கவே இல்லை. ‘கோ ஆன் அபவுட்’ என்றால், சொன்னதையே சொல்லி அறுக்கிறார். ‘லெட் ஆன்’ என்றால், மறைத்து வைத்த விஷயத்தை லேசாகக் காட்டிவிட்டார்.

கஷ்டமாகத் தெரிகிறதா? தமிழில் இதையெல்லாம் தினமும் செய்கிறோம். ‘சொன்னான்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர் நம்மில் யார்? உளறிக் கொட்டினான், போட்டு உடைச்சான், அள்ளி விட்டான், ஒப்புக்குச் சொல்லி வச்சான். ‘உளறிக் கொட்டினான்’ என்பதில் ‘கொட்டு’ செய்யும் வேலையும், ‘பிளர்ட் அவுட்’ என்பதில் ‘அவுட்’ செய்யும் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அடக்கி வைக்க முடியாமல் வெளியே விழுந்தது! ஆங்கிலத்தில் குட்டிச் சொல் செய்வதைத் தமிழில் துணைவினை செய்கிறது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் ஜாக்கிரதை. ‘ரீல் ஆஃப்’ என்றால் ரீல் விடுவது இல்லை. பத்துப் பெயரை மூச்சுவிடாமல், தடுமாறாமல் ஒப்பிப்பது. பாராட்டு அது. மேனேஜர் உங்களைப் பற்றி அப்படிச் சொன்னால் கோபப்படாதீங்க.

‘பாயின்ட் அவுட்’டும் ‘மேக் அவுட்’டும்

இந்தக் கூட்டத்தில் அதிகம் சிக்கலில் மாட்டிவிடுவது இந்த ஜோடிதான். இரண்டிலும் ‘அவுட்’. இரண்டுக்கும் பின்னால் ஒரு முழு வாக்கியம் வரலாம். ஆனால், அர்த்தம் கிழக்கும் மேற்கும்.

‘தெருவில் தண்ணீர் தேங்கவில்லை என்று அதிகாரி பாயின்ட் அவுட் செய்தார்’ என்று எழுதினால், தண்ணீர் தேங்கவில்லை என்பதை எழுதியவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். தமிழில் ‘சுட்டிக்காட்டினார்’ என்பதும் அப்படியே. இல்லாத ஒன்றை எப்படிச் சுட்டிக்காட்ட முடியும்? அதே இடத்தில் ‘மேக் அவுட்’ என்று போட்டுப் பாருங்கள். ‘தேங்காத மாதிரி காட்டப் பார்த்தார்’ என்று ஆகிவிடும். அதிகாரி சொன்னது ஒரே வாக்கியம். முதலாவதில் அவர் உண்மை பேசுகிறார், இரண்டாவதில் பூசி மெழுகுகிறார். செய்தி எழுதப் பழகும்போது ‘சொன்னார்’ என்றே எழுது என்று சீனியர்கள் படுத்துவதற்குக் காரணம் இதுதான். போரடிக்கும் சொல்தான், ஆனால் பக்கம் சாயாது.

ஆபீஸ் மெயிலில் இது இன்னும் கூர்மையாக வேலை செய்யும். ‘யூ பாயின்டெட் அவுட் தட் தி பில் வாஸ் ராங்’ என்று கிளையன்ட்டுக்கு எழுதினால், பில் தப்பு என்று நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி. ‘யூ செட்’ என்றால் பிரச்சினை இல்லை.

இலக்கணமும் கொஞ்சம் கவனிக்கணும். ‘பாயின்ட் அவுட்’, ‘மேக் அவுட்’, ‘லெட் ஆன்’ மூன்றுக்கும் பின்னால் ‘தட்’ போட்டு வாக்கியத்தைத் தொடரலாம். ‘கம் அவுட் வித்’துக்குப் பின்னால் அப்படி வராது. ஒரு கதை, ஒரு சாக்கு, ஒரு கமென்ட் என்று பெயர்ச்சொல்தான் வரணும்.

‘உடைஞ்சிருச்சு’… ‘உடைஞ்சிருச்சாம்’

சரி, இத்தனையும் தமிழில் இருக்கிறது என்றால், ஆங்கிலத்துக்கு மாறும்போது மட்டும் ஏன் எல்லாமே ‘டோல்ட்’ ஆகிவிடுகிறது?

காரணம், வரிசை. தமிழில் முதலில் சேதி வரும், பிறகு ‘ன்னு’ வரும், கடைசியில்தான் சொன்னானா, உளறினானா, அள்ளி விட்டானா என்பது வரும். ஆங்கிலத்தில் அந்த முடிவை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். யோசிக்க நேரமில்லை. கைக்குக் கிடைத்த ‘டோல்ட்’ வந்து விழுகிறது. ‘சே’, ‘டெல்’ இரண்டுக்கும் நம்மிடம் ‘சொல்’ என்ற ஒரே சொல் இருப்பதால், யாரிடம் என்பதே இல்லாமல் ‘ஹி டோல்ட் தட்’ என்று வேறு ஆகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அது ஃப்ரேசல் வெர்ப்பே இல்லை. நம்ம ‘ஆம்’.

பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க ஏரி ஒன்று போதும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் 1-ம் தேதி அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையெல்லாம் மூழ்கியது. ஏரி உடையவில்லை, திறக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. பெருமழை வந்தால் அந்த ஏரியின் பெயர் போனுக்குப் போன் சுற்றும்.

‘ஏரி உடைஞ்சிருச்சாம்’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால், அவங்க பார்க்கவில்லை, யாரோ சொன்னது, பொறுப்பு அவங்களுடையது இல்லை என்று கேட்பவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். ‘எவன் சொன்னான்?’ என்று திருப்பிக் கேட்கவும் முடியும். அதையே அவசரத்தில் ஆங்கிலத்தில் தட்டி குரூப்பில் போட்டால், ‘லேக் ப்ரோக்கன்’. ‘ஆம்’ போச்சு. வதந்தி, செய்தியாகிவிட்டது.

கேள்விப்பட்டதை, பார்த்ததிலிருந்து பிரித்துக் காட்ட இப்படி ஓர் ஒட்டு வைத்திருக்கும் மொழிகள் உலகில் வேறும் உண்டு. துருக்கி மொழியின் ‘மிஷ்’ அதில் ரொம்பப் பிரபலம். தமிழில் இந்தக் கவனம் பழசு. தொல்காப்பியமே தான் சொல்லும் விதிகளில் பலவற்றை ‘என்ப’, ‘என்மனார்’ என்று முன்னோர் பெயரில் ஏற்றித்தான் சொல்கிறது.

சென்னைக்காரர்கள் ‘ஆம்’முக்கு ஆங்கிலத்தில் ஒரு மாற்றும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: ‘இட் சீம்ஸ்’. ‘ட்ரெயின் லேட்டாம்’ என்பது ‘ட்ரெயின் இஸ் லேட், இட் சீம்ஸ்’. பட்டரவாக்கம் பிளாட்ஃபாரத்தில் நிற்பவருக்கு இது பளிச்சென்று புரியும். லண்டன்காரர் காதில் இது ‘லேட் போலத் தெரியுது’ என்று விழும். யாரோ சொன்னது என்பது போய், நீங்களே யோசித்து எடுத்த முடிவு ஆகிவிடும். ‘சர்வர் இஸ் டவுன், இட் சீம்ஸ்’ என்று வெளிநாட்டு டீமிடம் சொல்லிவிட்டு, “நீ செக் பண்ணியா, இல்லையா?” என்று வாங்கிக் கட்டிக்கொள்வது இதனால்தான். அந்த இடத்துக்குப் பொருத்தமான சொல் ‘அப்பேரன்ட்லி’. அல்லது நேராக, ‘ஐ ஹியர்’.

கோர்ட்டில் என்ன ஆகும்?

ஆபீஸில் திட்டோடு போகும். சாட்சிக் கூண்டில் போகாது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும், பார்த்ததைப் பார்த்தவரே சொல்ல வேண்டும் என்பது 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 60-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 55-வது பிரிவு. பூந்தமல்லி நீதிமன்றத்தில் ஒருவர் ‘அவருதான் தள்ளினாரு’ என்பதற்கும் ‘அவருதான் தள்ளினாராம்’ என்பதற்கும் நடுவே இருப்பது ஓர் அசைதான். முதலாவது கண்ணால் கண்ட சாட்சி. இரண்டாவது கேள்விப்பட்டது, பொதுவாகச் செல்லாது. கீழ் நீதிமன்றத்தில் தமிழில் பதிவான வாக்குமூலம், அப்பீலில் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலமாகிறது. அந்த ஓர் அசையை மொழிபெயர்ப்பவர் விட்டுவிட்டால், கேள்விப்பட்டவர் பார்த்தவர் ஆகிவிடுவார்.

இதற்கு நடுவில் இளசுகள் ஆங்கிலத்தில் வேறு ரூட்டில் போய்க்கொண்டிருக்கிறார்கள். ‘ஐ வாஸ் லைக்’, ‘ஹி கோஸ்’. சொன்னதை மட்டுமல்ல, மனசுக்குள் ஓடியதையும் முகம் போன போக்கையும்கூட வசனமாக்கிவிடும் வழி. ‘பீ லைக்’ என்ற இந்தப் பயன்பாட்டை ரொனால்ட் பட்டர்ஸ் என்ற மொழியியலாளர் 1982-லேயே ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் குறித்திருக்கிறார். ரீல்ஸ் கொண்டுவந்தது இல்லை. நமக்கும் புதுசு இல்லை. “நான் ஒண்ணு கேட்டேன், ‘நீ யாருடா கேக்க’ன்ற மாதிரி ஒரு பார்வை பாக்குறான்” என்று ஷேர் ஆட்டோவில் ஒருவர் சொல்லும்போது, எதிராளி வாயே திறக்கவில்லை. ‘ன்ற மாதிரி’தான் அங்கே ‘லைக்’.

இப்போது மறுபடி அந்த நைட் ஷிப்ட் டிக்கெட்டுக்கு வருவோம். வாடிக்கையாளரின் ‘டர்ன்டு அரவுண்ட்’டை அப்படியே எழுதவும் கூடாது. அது அவருடைய கோபம், கம்பெனியின் முடிவு அல்ல. எழுத வேண்டியது இப்படி: ‘புகார். ரீஃபண்ட் தருவதாக முதலில் உறுதியளித்த ஏஜென்ட், பின்னர் காலம் கடந்துவிட்டதாகக் கூறி மறுத்ததாக வாடிக்கையாளர் சொல்கிறார். முந்தைய கால் ரெக்கார்டிங்கைச் சரிபார்க்கவும்.’