ஹோலி ஓடுது, சித்திரை ஒண்ணு நிக்குது: ஏன்?

2022-ல் காலேஜ் சேர்ந்த பேட்ச்சுக்கு இது நாலாவது வசந்தம், கடைசி வசந்தமும் கூட. இந்த நாலு வருஷத்து ஹோலி தேதிகளை வரிசையா எழுதிப் பாருங்க: 2023-ல் மார்ச் 8, 2024-ல் மார்ச் 25, 2025-ல் மார்ச் 14, 2026-ல் மார்ச் 4. உகாதி: மார்ச் 22, ஏப்ரல் 9, மார்ச் 30, மார்ச் 19. தமிழ்ப் புத்தாண்டு: ஏப்ரல் 14, 14, 14, 14.

முதல் ரெண்டும் தாவிக்கிட்டே இருக்கு. மூணாவது நட்ட கல்லு மாதிரி நிக்குது. எல்லாமே நம்ம ஊர்ப் பஞ்சாங்கத்துல இருந்து வர்ற தேதிதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

சும்மா பொது அறிவுக்காக இதைக் கேக்கல. ஒவ்வொரு வருஷமும் கல்ச்சுரல்ஸ் பிளான் பண்ணும்போது யாராவது ஒருத்தர் சொல்வாங்க: "ஹோலி, உகாதி, விஷு, பிஹு எல்லாத்தையும் சேத்து ஒரே நாள்ல 'டிரடிஷனல் டே'ன்னு வச்சிரலாமே?" மேனேஜ் பண்றதுக்கு அது ஈஸிதான். ஆனா அப்படி வச்சா என்ன போயிடுதுன்னு தெரிஞ்சுக்க, இந்தத் தேதிகள் எங்கேருந்து வருதுன்னு முதல்ல தெரியணும்.

ஆவடியில ஏன் இவ்ளோ பண்டிகை?

ஆவடியில கனரக வாகனத் தொழிற்சாலை, அதாவது நாம எச்.வி.எஃப்னு சொல்றது, 1961-ல் ஆரம்பிச்சது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்க் இங்கேருந்துதான் வெளிய வந்துச்சு. டாங்க் வடிவமைக்கிற சி.வி.ஆர்.டி.இ, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப் முகாம்னு மத்திய அரசு நிறுவனங்கள் இங்க வரிசையா இருக்கு. வேலைக்கும் போஸ்டிங்குக்கும் பல மாநிலத்துக்காரங்க வந்தாங்க. போதாததுக்கு ஆந்திர எல்லை பக்கத்துலயே இருக்கு. திருவள்ளூர் மாவட்டத்துல தலைமுறை தலைமுறையா தெலுங்கு பேசுற குடும்பங்களும் நிறைய.

அதனால பிப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் நடுவு வரைக்கும் இந்தப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டுல விசேஷம் இருந்துக்கிட்டே இருக்கும். வெளியூர்ல இருந்து வந்தவங்க பெட்டி படுக்கையோட அவங்க கேலண்டரையும் கொண்டு வந்துட்டாங்க. எண்ணிப் பாத்தா நாலு விதமான கேலண்டர் தேறும்.

ஒண்ணாவது: சூரியன் மட்டும்

தமிழ்ப் புத்தாண்டு, விஷு, பைசாகி, பொய்லா பொய்ஷாக், அஸ்ஸாமோட பொஹாக் பிஹு, ஒடிசாவோட பணா சங்கராந்தி. இத்தனைக்கும் அடிப்படை ஒரே விஷயம்: சூரியன் மேஷ ராசிக்குள்ள நுழையுற நேரம். நம்ம கேலண்டரும் சூரியனை வச்சு ஓடுறதுதான். அதனாலதான் இது ஏப்ரல் 14-ஐ விட்டு நகர்ற மாதிரியே தெரியல. 2008-ல் தை 1-ஐப் புத்தாண்டா அறிவிச்சு தமிழ்நாடு அரசு சட்டம் போட்டுச்சு, 2011-ல் அதை ரத்து பண்ணி மறுபடி சித்திரை 1 ஆச்சு. அந்தச் சண்டையில கூட ரெண்டு பக்கமுமே சூரிய மாசம்தான். ஒண்ணு மகரம், இன்னொண்ணு மேஷம்.

சரி, எல்லாருக்கும் ஒரே நேரம்னா ஒரே நாள்தானே வரணும்? 2023-ல் நமக்குப் புத்தாண்டு ஏப்ரல் 14, பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பத்துக்கு விஷு ஏப்ரல் 15. இதுக்குக் காரணம் ரவுண்டிங் ரூல். சூரியன் ராசி மாறுறது ஒரு நொடி. அந்த நொடியை எந்த நாள் கணக்குல சேக்கறதுன்னு ஒவ்வொரு ஊரும் ஒரு விதி வச்சிருக்கு. தமிழ்நாட்டுல, சூரியன் மறையுறதுக்குள்ள நடந்தா அன்னைக்கே மாசப் பிறப்பு, அதுக்கப்புறம்னா மறுநாள். கேரளாவுல, மத்தியானம் ஒரு மணி சுமாருக்குள்ள நடக்கணும், இல்லன்னா மறுநாள். வங்காளத்துல எல்லை நள்ளிரவு. அதுக்கு முன்னாடி நடந்தாலே மறுநாள்தான் மாசம் பிறக்கும்.

2023-ல் சூரியன் மேஷத்துக்குள்ள போனது ஏப்ரல் 14 பிற்பகல் மூணு மணி வாக்குல. நம்ம ரூல்ல பாஸ், கேரள ரூல்ல மறுநாள், வங்காள ரூல்லயும் மறுநாள். டேட்டா ஒண்ணுதான், ஃபங்ஷன் மட்டும் வேற.

ரெண்டாவது: நிலா, ஆனா சூரியனை விட்டு ரொம்ப விலகாம

உகாதி, மகாராஷ்டிராவோட குடி பாட்வா ரெண்டும் சைத்ர மாசத்து வளர்பிறையோட முதல் நாள். அமாவாசை முடிஞ்ச உடனே வர்றது. ஹோலி அதுக்கு முந்தின பௌர்ணமியை ஒட்டி வருது. ராத்திரி ஹோலிகா தகனம், விடிஞ்சா கலர்.

அமாவாசையில இருந்து அமாவாசைக்கு சுமார் இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு மாசம் சேத்தா 354 நாள்தான் வரும். சூரிய வருஷத்துக்கு 11 நாள் கம்மி. அதனாலதான் உகாதி 2024-ல் ஏப்ரல் 9, 2025-ல் மார்ச் 30, 2026-ல் மார்ச் 19னு வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னாடி வருது. இப்படியே விட்டா கொஞ்ச வருஷத்துல உகாதி மார்கழிக் குளிர்ல வந்து நிக்கும். அதைத் தடுக்க, சுமார் 32 மாசத்துக்கு ஒரு தடவை ஒரு முழு நிலா மாசத்தையே எக்ஸ்ட்ராவா சேத்துடுவாங்க. அதுதான் அதிக மாசம். 2023-ல் ஜூலை, ஆகஸ்ட்ல ஒண்ணு வந்துச்சு. அதனாலதான் அடுத்த உகாதி மார்ச் 22-ல இருந்து ஏப்ரல் 9-க்குத் தாவுச்சு. 2026-லயும் மே 17-ல இருந்து ஜூன் 15 வரைக்கும் ஒரு அதிக மாசம். ஆக, 2027 உகாதி ஏப்ரல் 7.

மூணாவது: நிலா மட்டும்

ரம்ஜானும் பிறையைப் பாத்துத்தான். ஆனா இஸ்லாமியக் கேலண்டர்ல அதிக மாசம் கிடையாது. அதனால நோன்பும் பெருநாளும் எல்லாப் பருவத்தையும் சுத்தி வந்துடும். ஒரு முழுச் சுத்துக்கு சுமார் 33 வருஷம். இப்போதைக்கு அது நம்ம வசந்தத்துக்குள்ள இருக்கு. 2024-ல் உகாதி ஏப்ரல் 9, இந்தியாவுல ரம்ஜான் ஏப்ரல் 11. 2025-ல் உகாதி மார்ச் 30, ரம்ஜான் மார்ச் 31. இது தற்செயல் இல்ல. ரெண்டு வீடும் ஒரே அமாவாசை முடியுறதுக்காகத்தான் காத்திருந்துச்சு. 2024 ஏப்ரல் 8 அமாவாசை, வட அமெரிக்காவுல முழு சூரிய கிரகணம் தெரிஞ்ச அதே அமாவாசை. அதுக்கு மறுநாள் இங்க உகாதிப் பச்சடி, ரெண்டு நாள் கழிச்சுப் பெருநாள் பிரியாணி.

நாலாவது: சூரிய மாசம், நிலா நட்சத்திரம்

பங்குனி உத்திரம்தான் இதுல ரொம்ப சுவாரஸ்யம். மாசத்தைச் சூரியன் சொல்லுது: பங்குனி. நாளை நிலா சொல்லுது: உத்திர நட்சத்திரம். பூந்தமல்லியில பிறந்த திருக்கச்சி நம்பியோட திருநட்சத்திரமும் இப்படித்தான், மாசி மாசம், மிருகசீரிஷம். கோயில் உற்சவங்கள் பெரும்பாலும் இந்த ஃபார்முலாதான். நாம ஆவடியில டிரெயின் ஏறி மயிலாப்பூர் போய்ப் பாக்கிற அறுபத்துமூவர் விழாவும், பங்குனி உத்திரத்தை வச்சுத் தேதி குறிக்கிற கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவோட எட்டாம் நாள்தான்.

இப்ப பேரை கவனிங்க. ஹோலி வர்ற மாசம் பால்குனம். பௌர்ணமி நிலா பல்குனி நட்சத்திரங்கள் பக்கம் நிக்குற மாசம்ங்கறதால அந்தப் பேர். உத்திரத்துக்கு வடமொழிப் பேர் உத்தர பல்குனி. நம்ம பங்குனியும் அதே சொல்லோட தமிழ் வடிவம்தான். அப்படின்னா ஹோலியும் பங்குனி உத்திரமும் அடிப்படையில ஒரே பௌர்ணமி. வடக்க கலர் அடிக்கிறாங்க, நாம காவடி எடுக்கிறோம், திருக்கல்யாணம் பாக்கிறோம்.

2024-ல் ரெண்டும் ஒரே நாள், மார்ச் 25. ஆனா 2025-ல் ஹோலி மார்ச் 14, பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. கிட்டத்தட்ட ஒரு மாசம் கேப். ஏன்னா அந்த மார்ச் 14 அன்னைக்கு நமக்கு இன்னும் மாசி முடியல. பங்குனி பிறக்காம பங்குனி உத்திரம் எப்படி வரும்? அடுத்த சுத்து வரைக்கும் வெயிட் பண்ணித்தான் ஆகணும். கோடு எழுதுறவங்களுக்கு இது ஒரு சின்ன இஃப் கண்டிஷன்: பௌர்ணமி மார்ச் நடுவுக்குப் பிறகு வந்தா ஹோலியும் உத்திரமும் ஒட்டி வரும், அதுக்கு முன்னாடி வந்தா உத்திரம் ஒரு சுத்து தள்ளிப் போகும்.

பாலைவன ஊர்ல என்ன பண்றாங்க?

ஆவடியில உருவான அர்ஜுன் டாங்கை ஓட்டிப் பாத்தது ராஜஸ்தான் பாலைவனத்துல. அந்தப் பக்கத்துப் பெரிய ஊர் ஜோத்பூர். அங்க குளிரும் கடுமை, வெயிலும் கடுமை. 'லூ'ங்கற அனல் காத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நல்லா வெளிய நடமாட முடியுற நாட்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள பண்டிகைகளை அடுக்கி வச்ச மாதிரி இருக்கு. ஹோலிக்கு மறுநாளே கங்கௌர் நோன்பு ஆரம்பிச்சு, சுமார் 18 நாள் கழிச்சு உகாதிக்கு ரெண்டு நாளுக்கு அப்புறம் கௌரி ஊர்வலத்தோட முடியும். நடுவுல, ஹோலி முடிஞ்சு ஒரு வாரத்துல சீதளா மாதா பூஜை. அன்னைக்கு அடுப்பு பத்த வைக்காம, முந்தின நாள் சமைச்சு ஆற வச்சதைத்தான் சாப்பிடணும். அம்மை நோய்க்கான தெய்வம், குளிர்ச்சியான படையல். நம்ம பக்கம் மாரியம்மனுக்கு ஆடியில கூழ் ஊத்துறதை நினைச்சுப் பாருங்க. தெய்வத்தோட குணம் ஒண்ணு, மாசம்தான் வேற. அவங்க வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கும்பிடுறாங்க, நாம வெயில் இறங்குற நேரத்துல.

ஆனா இது வசந்தமா?

ஏப்ரல் 14 அன்னைக்கு ஆவடி பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னவங்க யாரும் இதை வசந்தம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா தமிழ்ல சித்திரை, வைகாசி இளவேனில்தான். இதுல வானவியலுக்கும் ஒரு பங்கு இருக்கு.

பகலும் இரவும் சமமா இருக்கிற வசந்த நாள் மார்ச் 20, 21 வாக்குல வருது. ஈரானோட நவ்ரூஸ் புத்தாண்டு அன்னைக்குத்தான். சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னாடி நம்ம மேஷப் பிறப்பும் அந்த நாளோட ஒட்டித்தான் இருந்துச்சு. பூமியோட அச்சு, சுத்துற பம்பரம் தலையாட்டுற மாதிரி மெதுவா ஆடுது, ஒரு ஆட்டத்துக்கு சுமார் 26,000 வருஷம். அதனால சூரியன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 365.2564 நாள், அதே பருவம் திரும்ப 365.2422 நாள். வித்தியாசம் 20 நிமிஷம்தான். நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டதால, சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் பருவத்தை விட்டு விலகுது. இதுவரைக்கும் 24 நாள் விலகியாச்சு. ஏப்ரல் 14 நட்ட கல்லு மாதிரின்னு மேல சொன்னேன்ல, அந்தக் கல்லும் நகருது, நம்ம ஆயுசுல தெரியாது, அவ்ளோதான்.

இதைச் சரி பண்ண ஒரு முயற்சி நடந்துச்சு. இயற்பியலாளர் மேக்நாத் சாஹா தலைமையில 1952-ல் கேலண்டர் சீர்திருத்தக் குழு போட்டாங்க. அவங்க பரிந்துரைப்படி 1957 மார்ச் 22-ல இருந்து சக ஆண்டு தேசியக் கேலண்டர் நடைமுறைக்கு வந்துச்சு. அதுல வருஷம் பிறக்கிறது மார்ச் 22, லீப் வருஷத்துல மார்ச் 21. கணக்கு சுத்தம், பருவத்தோட ஒட்டி நிக்குது. ஆனா அந்த நாள்ல நம்ம தெருவுல யாராவது வாசல்ல கோலம் போட்டுப் புத்தாண்டு கொண்டாடினாங்களா? அரசிதழ்ல அந்தத் தேதி இருக்கு, எந்த வீட்டுச் சமையல்கட்டுலயும் இல்ல.

'டிரடிஷனல் டே' விஷயத்துக்கும் இதுதான் என் பதில். வசதியான ஒரு வெள்ளிக்கிழமையைப் புடிச்சு எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து சொன்னா ஃபோட்டோ நல்லா வரும். ஆனா உகாதி அன்னைக்கு விஜயவாடாவுல அம்மா பச்சடி கலக்கும்போது, இங்க அந்தப் பையன் இன்டர்னல் எழுதிக்கிட்டு இருப்பான். தெலுங்குப் புத்தாண்டுக்காவது தமிழ்நாட்டுல அரசு விடுமுறை இருக்கு. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளும் சேர்றதால பைசாகிக்கும் பிஹுவுக்கும் அந்த லீவு உதவுது. ஹோலிக்கும், ஏப்ரல் 15-ல விழுற விஷுவுக்கும் பொய்லா பொய்ஷாக்குக்கும் அதுவும் கிடையாது.

ஜூனியர்ஸ்கிட்ட கேக்கிறது பெரிய விஷயம் இல்ல. ஈவன் செமஸ்டர் ஈவென்ட் லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து இந்தத் தேதிகளை முதல்ல குறிச்சுக்கோங்க. ஸ்டேஜ், டிஜே எதுவும் வேண்டாம். அந்த நாள்ல மெஸ்ல ஒரு ஐட்டம், சாயங்காலம் ஒரு மணி நேரம் காமன் ரூம், அன்னைக்கு இன்டர்னல் வேண்டாம்னு ஹெச்.ஓ.டிகிட்ட முன்கூட்டியே ஒரு லெட்டர். இது போதும். 2027-க்கு நானே குறிச்சுக் கொடுத்துடறேன்: உகாதி ஏப்ரல் 7, சித்திரை 1 ஏப்ரல் 14. ஹோலியும் பங்குனி உத்திரமும் மறுபடி ஒரே நாள், மார்ச் 22, திங்கட்கிழமை. அப்ப நாங்க இங்க இருக்க மாட்டோம். அன்னைக்கு டெஸ்ட் வராம பாத்துக்கோங்க.