பிள்ளையின் பல்லும் விறைப்பூசியும்

பிள்ளைக்குக் கொடுப்புப் பல் வலி எடுத்தால், கிராம்பும் உப்புத் தண்ணீருமாக நாட்களைக் கடத்திவிட்டு, முகம் வீங்கிய பின்னரே நம்மிற் பலர் பல் வைத்தியரிடம் ஓடுகிறோம். தோட்ட வேலை, பஸ் தூரம் எல்லாம் உண்மைதான். ஆனால் ஊசிப் பயமும் ஒரு காரணம். ஒருமுறை ஊசியில் நொந்த பிள்ளை மறுமுறை வாய் திறவாது. பல் சீழ் கட்டும். சீழ் கட்டிய இடத்தில் விறைப்பு மருந்து சரியாகப் பிடிப்பதுமில்லை.

ஊசி ஏன் நோகிறது? முனை குத்துவது கணநேர நோவு. மருந்து உள்ளே போய்ச் சதையை விரித்துத் தள்ளுவதே கூடுதலாக நோகும். கன்னப் பக்கம் சதை தளர்ந்திருப்பதால் தாங்கும். அண்ணத்தில் அது எலும்போடு ஒட்டிக் கிடப்பதால் நோவு அதிகம். வழக்கமாகப் பாவிக்கும் லிக்னோகெயினில் பெரும்பாலும் அதிரினலின் கலந்திருக்கும். அது கெடாதிருக்க மருந்தைச் சற்று அமிலமாக வைத்திருப்பார்கள். எரிவுக்கு அதுவும் காரணம்.

முரசைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, விறைப்புக் களி பூசி 1 அல்லது 2 நிமிடம் பொறுத்தால், முனை குத்துவது அவ்வளவாகத் தெரியாது. ஈரத்தின்மேல் பூசினால் களி உமிழ்நீரோடு போய்விடும். மருந்தை மெதுவாக, 1 மில்லிலீற்றருக்கு 1 நிமிடம் என்ற அளவிற் செலுத்துவதே, என் எண்ணத்தில், எல்லாவற்றிலும் பெரிய உதவி. "களி பூசி, ஆறுதலாகப் போடுவீங்களோ, டொக்டர்?" என்று பணிவாகக் கேட்பதில் பிழையில்லை.

வீட்டில் "குழப்படி செய்தால் ஊசி போடுவிப்பேன்" என்று வெருட்டாதீர்கள். "ஊசியே இல்லை" என்று பொய் சொல்லியும் கூட்டிப் போகாதீர்கள். அந்தப் பொய் கதிரையில் ஏறியதும் வெளிப்பட்டுவிடும். "முதலில் நுள்ளுவதுபோல இருக்கும், பிறகு விறைத்துவிடும்" என்றால் போதும். ஊசி ஏறும்போது கால்விரலை ஆட்டச் சொல்லுங்கள், கதை சொல்லுங்கள்.

இடம்விட்டு இடம் மாறிய குடும்பங்களிடம் பழைய வைத்தியத் துண்டுகள் இராது. ஆகவே இழுப்பு, இருதய நோய், ஒவ்வாத மருந்து எதுவானாலும் வாயால் சொல்லுங்கள். பிள்ளையின் நிறையும் தெரிந்திருக்கட்டும். லிக்னோகெயினின் உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. 2 சதவீத மருந்துள்ள 2.2 மில்லிலீற்றர்க் குழாய் ஒன்றில் 44 மில்லிகிராம் உண்டு. 10 கிலோப் பிள்ளைக்கு அந்த ஒன்றே எல்லை.

பல்லைப் பிடுங்கிய பின்னும் உதடு சில மணி நேரம் விறைத்தே இருக்கும். பிள்ளை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிவிடும். விறைப்புப் போகும்வரை சோறும் சுடுதேத்தண்ணீரும் கொடுக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். கடித்த இடம் வெள்ளையாகப் படர்ந்தாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் ஆறிவிடும்.