தலைப்பிரசவம் முந்தி வந்தால்

பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்து வந்து, தொட்டிலுக்குப் பழஞ்சேலை எடுத்து வைத்து, எல்லாம் ஆயத்தமான பிறகே பிள்ளை பிறக்கும் என்று குடும்பத்தார் எதிர்பார்ப்பது இயல்பு. ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் குறித்த நாளுக்குக் காத்திருப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் 13.4 மில்லியன் குழந்தைகள், அதாவது பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று, உரிய காலத்திற்கு முன்னரே பிறந்தன.

உரிய காலம் என்பது யாது? 'பத்து மாதம் சுமந்தாள்' என்னும் நம் வழக்கு, மாதத்திற்கு 28 நாட்கள் என்று கொண்டால் சரியாகப் பொருந்தும். கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து எண்ணினால் 280 நாட்கள். அதுவே 40 வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைமாதப் பிறப்பு எனப்படும். கிளினிக்கில் வாரக் கணக்கே எழுதப்படுகிறது. ஆகவே கருவுற்றவள் மட்டுமன்றி அவள் கணவனும் மாமியாரும் 'இன்று எத்தனையாவது வாரம்' என்று கேட்டால் விடை கூற இயலவேண்டும்.

'ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது' என்று பெரியவர்கள் சிலர் இன்றும் கூறுவதை நாம் கேட்கிறோம். இது உண்மையன்று. கருவில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிள்ளையின் நுரையீரலும் மூளையும் உடற்கொழுப்பும் வளர்கின்றன. 34 வாரத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, 30 வாரத்தில் பிறக்கும் பிள்ளையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். எட்டாம் மாதத்தில் வலி கண்ட பெண்ணைப் பார்த்து, நம்பிக்கை இழந்து கைகட்டி நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவளுக்கு ஓர் இடர் உண்டு. பிரசவ வலி எப்படியிருக்கும் என்பதை அவள் அறியாள். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரந்தோறும் குனிந்து நிமிர்ந்து பால்வெட்டி, வாளி சுமந்து திரும்பும் பெண்ணுக்கு இடுப்பு நோவு புதிதன்று. இதுவும் அதுபோன்றதே என்று அவள் எண்ணிவிடுகிறாள். உழைப்பினால் வரும் நோவு பெரும்பாலும் படுத்து இளைப்பாறினால் தணியும். பிரசவ வலியோ விட்டு விட்டு வரும். வரவர இடைவெளி குறையும். வயிறு கல்லைப்போல் இறுகிப் பின் தளரும். சிலருக்கு இது வலியின்றியே நிகழும். அடிவயிற்றில் பாரம் இறங்கியதுபோல் தோன்றும். நீர் கசிந்தால் அது சிறுநீர் என்று பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். பனிக்குடம் உடைந்து வரும் நீராகவும் அது இருக்கலாம். இரத்தம் சிறிதளவு பட்டாலும் பொறுத்திருத்தல் ஆகாது. பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அவ்வாறே.

இங்கே சீரகக் கஷாயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வலி கண்டவுடன் 'இது சூட்டு வலியாக இருக்கும்' என்று சீரகத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்து, வலி அடங்குகிறதா என்று பார்ப்பது நம்மவர் வழக்கம். நாள் நிறைந்தவளுக்கு அதனால் பெருங்கேடு நேராமற் போகலாம். ஏழாம், எட்டாம் மாதத்தில் அவ்வாறு காத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரமே பிள்ளையின் உயிருக்கு உரிய நேரமாகும். கஷாயத்தை நாம் பழிக்கவில்லை. காத்திருப்பதையே கூடாது என்கிறோம்.

காரணம் இதுதான். ஈரமான இரண்டு ரப்பர்த் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தொழிலாளர் அறிவர். முதிராத நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளும் மூச்சை வெளிவிடும்போதெல்லாம் அவ்வாறே ஒட்டிக்கொள்கின்றன. அவை ஒட்டாதபடி காக்கும் வழுவழுப்பான ஒரு பொருள், ஏறத்தாழ 34 வாரத்திற்குப் பிறகே போதிய அளவு சுரக்கிறது. தாய்க்கு ஒருவகை ஸ்டீராய்டு மருந்தை ஊசிவழி செலுத்தினால், அது பிள்ளையின் நுரையீரலை விரைந்து முதிரச் செய்யும். நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி என்னும் மருத்துவர் இருவர் இதனை 1972ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதல் ஊசிக்கும் பிரசவத்திற்கும் இடையே ஒரு நாளேனும் கிடைத்தால் பயன் மிகுதி. வலியைச் சற்றுத் தள்ளிப்போட மருந்து தருவதும், குறைமாதக் குழந்தைகளுக்கான தனிப்பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குத் தாயை மாற்றுவதும் இந்த ஒரு நாளைப் பெறுவதற்காகவே. பிறந்த பின் பிள்ளையைத் தனியே கொண்டு செல்வதைவிட, தாயின் வயிற்றில் வைத்தே கொண்டு செல்வது பாதுகாப்பானது.

எனவே, தோட்டத்திலிருந்து பெருஞ்சாலைக்குச் செல்லும் வழியையும் வாகனத்தையும் ஆறாம் மாதத்திலேயே எண்ணிப் பார்க்கவேண்டும். நள்ளிரவில் யாருடைய காரைக் கேட்பது, மழையில் செம்மண் பாதை சேறானால் எவ்வழி செல்வது என்பன அன்றைக்கு ஆராயும் செய்திகளல்ல. அவசரத் தொலைபேசி எண் 999. கிளினிக்கில் தரும் இளஞ்சிவப்புப் புத்தகம் தாய் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லவேண்டும். வளைகாப்பு முடிந்து வேறு மாவட்டத்திலுள்ள தாய்வீட்டிற்குச் செல்லும் பெண்கள் புத்தகத்தைக் கணவன் வீட்டு அலமாரியில் விட்டுச் செல்வது நாம் அடிக்கடி கேள்விப்படும் செய்தி. தாயின் இரத்த வகை, இரத்த அழுத்தம், வாரக் கணக்கு யாவும் அதில்தான் இருக்கின்றன. அதில் சிவப்பு ஒட்டுத்தாள் இருந்தால், உடனே மருத்துவமனை என்பது பொருள்.

வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால், ஈரத்தைத் துணியால் ஒற்றித் துடைத்து, தாயின் வெற்று மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். பிள்ளையின் தலையையும் மூடுங்கள். குளிப்பாட்டவேண்டாம். வீட்டுக் கத்தியால் தொப்புள்கொடியை அறுக்கவேண்டாம். சேனை வைக்கவும் வேண்டாம்.

மருத்துவமனையில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில், குழாய்களுக்கு நடுவே காணும் இளந்தாய் கலங்குவாள். தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று அவள் நினைக்கலாகாது. குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் புரதம் மிகுந்திருக்கிறது. அப்பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த உணவு வேறில்லை. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் திறன் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கைகூடுவதால், அதுவரை பாலைப் பீய்ச்சிக் குழாய் வழியே ஊட்டுவர். சில துளிகளே வந்தாலும் தாதியிடம் கொடுக்கவேண்டும். பிள்ளையின் நிலை தேறியதும் வெற்று மார்போடு மார்பாக அணைத்து வைத்திருக்கச் சொல்வார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978ஆம் ஆண்டில் இடமும் கருவிகளும் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. தந்தையும் அணைத்துக்கொள்ளலாம். வெட்கப்பட ஏதுமில்லை.

சிறுநீர்த் தொற்று, உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் கரு ஆகியன குறைமாதப் பிறப்புக்குரிய காரணங்களுள் சில. பல பிரசவங்களில் காரணமே தெரிவதில்லை. 'வந்தவள் ராசி' என்று பேசுவோர் பச்சைப் புண்ணில் கோலிடுகின்றனர்.

சம்பளத்தைப் பற்றிய கவலையும் உடன் எழும். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, 22 வாரத்திற்குப் பின் நிகழும் பிறப்பு பிரசவமாகவே கொள்ளப்படும். பிள்ளை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் அதுவே விதி. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாட்கள். பேறுகாலப் படி பெறுவதற்குப் பிரசவத்திற்கு முந்திய ஒன்பது மாதங்களில் குறைந்தது 90 நாட்கள் அம்முதலாளியிடம் வேலையில் இருந்திருத்தல் உள்ளிட்ட சில நிபந்தனைகள் உண்டு. முன்கூட்டியே அறிவிக்காமல் விடுப்பைத் தொடங்கினால், அறிவிக்கும் வரை அப்படி நிறுத்தி வைக்கப்படலாம். முந்திப் பிறந்த பிள்ளைக்கு முன்னறிவிப்பு எங்கே கொடுப்பது? ஆதலால் கணவனோ உறவினரோ உடனே தோட்ட அலுவலகத்தில் தெரிவித்து, எழுத்திலும் கொடுத்துவிடவேண்டும். தகுதியுடைய தந்தைக்கும் 7 நாட்கள் விடுப்பு உண்டு.

வீடு திரும்பியபின் சாம்பிராணிப் புகையும் சுருட்டுப் புகையும் பிள்ளையின் பக்கம் வரலாகாது. இருமலுள்ளவர்கள் எட்ட நின்று பார்த்துச் செல்லட்டும். 32 வாரத்திற்கு முன் பிறந்த பிள்ளைக்குக் கண் பரிசோதனைக்கு நாள் குறித்திருப்பார்கள். பிள்ளை நன்றாக விழித்துப் பார்க்கிறதே என்று அதைத் தவறவிடக்கூடாது. தடுப்பூசிகளைப் பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்து எண்ணியே போடுவர். தவழ்வதும் உட்காருவதும் அப்படியல்ல. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளையின் எட்டாம் மாதத்தை ஆறாம் மாதமாகவே கொள்ளவேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்துவிட்டது, நம் பிள்ளை இன்னும் உட்காரவில்லையே என்று பாட்டி வருந்தினால், இந்த இரண்டு மாதக் கணக்கை அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.