சிவப்புப் புகை தெரியாதவர்கள்

"டேய், ஏர்டிராப் விழுந்துடுச்சு! சிவப்புப் புகைக்கு இடப்பக்கம் எனிமி!"

"எங்கடா புகை? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணு அவிஞ்சா போச்சு?"

புதுச்சேரியில் வெள்ளை நகருக்கு வடக்கே, வைத்திக்குப்பத்தை ஒட்டிக் கிடக்கும் குருசுக்குப்பத்துத் தெருக்களிலும் சரி, வேறெந்த ஊரிலும் சரி, நான்கு பையன்கள் ஸ்குவாடாகச் சேர்ந்து பிஜிஎம்ஐ என்னும் போன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடும் இடத்தில் இப்படியொரு பேச்சு எழலாம். மற்றவர்கள் சிரிப்பார்கள். திட்டு வாங்கியவன், தனக்கு ஆடத் தெரியவில்லை என்றே நினைத்துக்கொள்வான். பச்சைப் புல்வெளியில் விழுந்த ஏர்டிராப் பெட்டியிலிருந்து எழும் சிவப்புப் புகை, அவன் கண்ணுக்குப் புல்லோடு புல்லாகக் கலந்துவிடுகிறது என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

நிறப்பார்வைக் குறைபாட்டில் அதிகம் காணப்படுவது சிவப்பு – பச்சைக் குழப்பம். விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. சிவப்பையும் பச்சையையும் உணரும் வகைகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட மாற்று கிடையாது. தாய்வழித் தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு இறங்கும் குறைபாடு இது. தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இது உண்டு. நம் நாட்டில் விகிதம் குறைவு. நூற்றுக்கு மூன்று பேர் என்றே வைத்துக்கொண்டாலும், 100 பேர் குதிக்கும் ஒரு பிஜிஎம்ஐ ஆட்டத்தில் மூன்று பேர் வேறொரு வரைபடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாக ஆடும் கேமில் நிறம் பிடிபடாவிட்டால் மறுபடி முயன்று பார்க்கலாம், அவசரமில்லை. பலர் சேர்ந்து ஆடும்போது கடிகாரம் ஓடுகிறது, எதிரி சுடுகிறான், கூட்டாளி கத்துகிறான். அரை நொடித் தாமதம் மொத்த டீமையும் வீழ்த்திவிடும். பழி ஒருவன் தலையில் விழும். இந்தக் குறைபாட்டைப் பற்றி எழுதும்போது கண்ணைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறோம். உறுத்தவேண்டியது இந்தப் பழிதான்.

தீர்வு கடினமானதல்ல. நிறம் சொல்லும் சேதியை இன்னொரு வழியிலும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. கேண்டி கிரஷ் மிட்டாய்களைப் பாருங்கள்: சிவப்பு அவரைவிதை வடிவம், பச்சை சதுரம், மஞ்சள் எலுமிச்சைத் துளி. நிறமே தெரியாவிட்டாலும் ஆடலாம். 'அமாங் அஸ்' ஆட்டத்தில் ஒயர்களை நிறம் பார்த்து இணைக்கும் வேலை பலரைத் திணறடித்தது. பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு குறியீடு சேர்த்தார்கள், ஆட்டக்காரரின் நிறத்தைப் பெயராக எழுதிக் காட்டும் வசதியும் வந்தது.

நிண்டெண்டோ 2015-ல் வெளியிட்ட 'ஸ்ப்ளாட்டூன்' என்னை வியக்க வைக்கிறது. நான்கு பேர் கொண்ட இரண்டு அணிகள் தரையெங்கும் மை பூசிப் போட்டியிடும் ஆட்டம். அங்கே நிறம்தான் நிலம், நிறம்தான் வெற்றி. இத்தகைய ஆட்டம் நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு எட்டாக்கனி என்றே தோன்றும். ஆனால் அதில் நிறத்தைப் பூட்டி வைக்கும் தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டால், எந்த நிறங்களில் ஆட்டம் நடந்தாலும் உங்கள் திரையில் மட்டும் தெளிவாகப் பிரித்தறியக்கூடிய இரு நிறங்களே தெரியும். எதிரணிக்கு எதுவும் மாறாது. உங்களுக்கு அந்த வசதி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

'வலோரண்ட்' எதிரியின் உருவத்தைச் சுற்றி ஓடும் கோட்டைச் சிவப்பிலிருந்து மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாற்ற விடுகிறது. நிறம் நன்றாகத் தெரிபவர்கள் பலரும் மஞ்சளைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக. சிலருக்கென்று செய்த வசதி எல்லோருக்கும் பயன்படுகிறது. மொத்தத் திரைக்கும் வடிகட்டி போடும் முறையை நான் அவ்வளவு மதிக்கவில்லை. அது வானம், புல், சுவர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடும். ஒரு குழப்பம் தீர்ந்து இன்னொன்று முளைக்கும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

ஆட்டத்தைச் செய்பவர்களுக்குக் குறை கண்ணில் படாததுதான் சிக்கலின் வேர். அதற்கும் இந்தியாவிலேயே ஒரு கருவி பிறந்திருக்கிறது. பிரெஞ்சு நிறுவனமான உபிசாஃப்ட்டின் இந்தியத் தரப் பரிசோதனைக் குழு 2021 முதல் உருவாக்கிவந்த 'குரோமா', ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நிறக்குறைபாடு உள்ளவர் எப்படிப் பார்ப்பார் என்று அந்த நேரத்திலேயே காட்டும். 2024-ல் அதை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டார்கள். வீட்டிலிருந்தே கேம் செய்யும் கல்லூரி மாணவர்கூட இனிமேல் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

பிஜிஎம்ஐ-யின் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதியில் நிறக்குறைபாட்டுக்கான தேர்வுகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனின் அக்சஸிபிலிட்டியிலும் கலர் கரெக்‌ஷன் உண்டு. அதைவிட எளிது, பேசும் விதத்தை மாற்றுவது. ஸ்குவாடில் ஒவ்வொருவருக்கும் மஞ்சள், ஆரஞ்சு, நீலம், பச்சை என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள், கூடவே 1 முதல் 4 வரை எண்ணும் இருக்கிறது. "பச்சை மார்க்குக்கு வா" என்பதைவிட "நாலாம் நம்பர் மார்க்குக்கு வா" என்பது எல்லோருக்கும் புரியும். திரையின் மேலே திசைகாட்டியில் பாகை எண் ஓடுகிறது. "240-ல எனிமி" என்றால் நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சட்டத்தின் துணை மெல்லத்தான் வருகிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் நிறப்பார்வைக் குறைபாடு இல்லை. ஆனாலும் இதைக் காரணம் காட்டித் தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட ஒருவருக்கு, வேலை கொடுக்கும்படி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, புணே திரைப்படக் கல்லூரியின் படிப்புகளுக்கு இந்தக் குறைபாடு தடையாக இருக்கக் கூடாது என்றது. மின்கம்பிக்கும் கேமராவுக்கும் கிடைத்த நியாயம் விளையாட்டுக்கும் வேண்டும். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடுவதைத் தடைசெய்தாலும், இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக ஏற்றிருக்கிறது.

புதுச்சேரியிலும் தமிழகத்திலும் போட்டி நடத்தும் மன்றங்களும் கல்லூரிகளும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். நிறக்குறைபாட்டுக்கான செட்டிங்ஸ் தேர்வுகளை எந்த ஆட்டக்காரரும் பயன்படுத்தலாம் என்று விதிமுறைத் தாளிலேயே அச்சிடுங்கள். போட்டிக்கென்று நீங்கள் கொடுக்கும் போனில் அவற்றை மாற்றிக்கொள்ள, ஆட்டம் தொடங்குமுன் அவகாசம் கொடுங்கள்.