தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை எங்கே இருக்கிறது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேராக்கில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள், தங்கள் ஒன்றுகூடலையொட்டி ஒரு சிறிய கண்காட்சி அமைத்தார்கள். ஒரு வகுப்பறை, நான்கு மேசைகள், இரவல் வாங்கிய இரண்டு கண்ணாடி அலமாரிகள், அவ்வளவுதான். என் கணவர் அந்தப் பள்ளியில் படித்தவர். பழைய மாணவர்கள் கொண்டுவரும் பொருள்களை வாங்கி, பதிவு செய்து, திருப்பிக் கொடுக்கும்வரை பாதுகாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணக்கு வழக்குப் பார்ப்பதுதான் என் தொழில். அருங்காட்சியக வேலை எனக்குப் புதிது. அதனால் அந்த மூன்று மாதமும் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன்.

வந்த பொருள்களைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம். பால் மரம் சீவும் கத்தி, நசுங்கிய பால் வாளி, தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், ஜப்பானியர் காலத்து வாழைமரத் தாள்கள், ஊரிலிருந்து வந்த நீலநிற ஏர்மெயில் கடிதங்கள், ரஜூலா கப்பலில் வந்திறங்கிய ஒருவரின் தகரப் பெட்டி, ஒரு கூறைச் சேலை, சிவப்பு அடையாள அட்டைகள். 1926-ல் கட்டப்பட்ட அந்த ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் முகம் மாறிவிடுகிறது.

ஆனால் பாதிப் பொருள்கள் சேதமாகித்தான் வந்தன. ஒன்றைக் கவனித்தேன். கேட்பாரற்றுக் கிடந்து கெட்டவை அவற்றில் குறைவு. "பத்திரமா" வைத்ததால் கெட்டவைதான் அதிகம். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றியது, ரப்பர் வளையம் போட்டது, பசை ஆல்பத்தில் ஒட்டியது, லேமினேட் செய்தது. ஒரு பெரியவர் தம் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தைப் பெருமையோடு நீட்டினார். "லேமினேட் பண்ணி வெச்சிருக்கேம்மா, இனி நூறு வருசத்துக்குக் கவலை இல்ல." உள்ளே தாள் பழுப்பேறி, ஓரங்களில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க வழியில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது?

பழைய தாள் என்றால் ஞாபகத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குடியுரிமை விண்ணப்பத்துக்காக அலைந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார், தாத்தா எப்போது வந்தார் என்று காட்ட ஒரு பழைய பத்திரமோ பள்ளிச் சான்றிதழோ கிடைக்காதா என்று அவர்கள் வீடு வீடாகத் தேடியிருப்பார்கள்.

ஈரம்தான் முதல் எதிரி

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. 65 விழுக்காட்டைத் தாண்டிவிட்டாலே பூஞ்சணம் வளர வசதி கிடைத்துவிடுகிறது. அதாவது சும்மா வைத்தால் கெட்டுப்போகும் ஊர் இது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த ஆலோசனைகளை அப்படியே பின்பற்றினால் சரிவராது. இரவில் ஏர்கான், பகலில் புழுக்கம் என்று மாறி மாறி வரும் அறை இன்னும் மோசம். சில்லிட்ட பொருளின் மேல் சூடான ஈரக் காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும்.

ஆகவே எந்தப் பெட்டி என்பதற்கு முன்னால் எந்த இடம் என்று பாருங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். குளியலறைச் சுவருக்குப் பின்பக்கமும் வேண்டாம். கூரைக்கு அடியில் சூடு தாங்காது. தரையில் வைத்தால் கரையானுக்கும் வெள்ளத்துக்கும் அழைப்பு. நம் வீடுகளில் முக்கியமான பத்திரங்களைச் சாமி மேடைக்குக் கீழ் உள்ள இழுப்பறையில் வைக்கும் வழக்கம் உண்டு. சாமி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் நெருப்பும் அங்கேதான் இருக்கின்றன. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு, அதுவும் வீட்டின் உட்சுவரை ஒட்டியது, போதும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

இனி பெட்டி. மிஸ்டர் டிஐஒய், டாய்சோ போன்ற கடைகளில் சாப்பாடு வைக்க விற்கும் பெட்டிகளையே வாங்கலாம். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டையும் நான்கு பக்கமும் பூட்டுக் கொக்கியும் உள்ள வகை நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், 2 அல்லது 4 என்றால் பாலிஎத்திலீன். இவை பொருளைக் கெடுக்காது. 3 என்று இருந்தால் அது பிவிசி, வாங்காதீர்கள். பிவிசி நாள்பட நாள்பட அமிலத்தை வெளியிடும், பிசுபிசுக்கும், படத்தின் மையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மலிவான கோப்பு உறைகளிலிருந்து அடிக்கும் அந்தப் புது பிளாஸ்டிக் வாடை பல நேரங்களில் இதனுடையதுதான்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற மணிகளாகக் கேட்டு வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாக மாறும். ஓவனில் 120 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகிவிடும். நீல மணிகளில் கோபால்ட் சேர்மம் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். ஒன்று முக்கியம்: அலமாரியில் இரண்டு பொட்டலத்தைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடினால் பயனில்லை. இறுக மூடும் பெட்டிக்குள் இருந்தால்தான் அது வேலை செய்யும். கூடவே ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்று. இணையத்தில் இருபது வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. 45-க்கும் 55-க்கும் இடையில் நின்றால் நிம்மதி. ரொம்பவும் காய்ந்துபோனால் மரமும் ஓலையும் வெடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கேமரா பிரியர்கள் வைத்திருக்கும் உலர் அலமாரி உங்கள் வீட்டில் இருந்தால், அதில் ஒரு தட்டைப் பாட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அந்தக் கண்காட்சிக்கு எனக்கு ஆன செலவு, பெட்டிகள் உட்பட, நூறு வெள்ளிக்குள் அடங்கியது. கண்ணாடிச் சட்டம் போட ஒரு கடையில் கேட்ட விலை அதைவிட அதிகம்.

பிஸ்கட் டின் கெட்டதா என்று பலர் கேட்டார்கள். துரு இல்லாமல், மூடி இறுக்கமாக இருந்தால் டின் நல்லதுதான். உள்ளே போடும் ரப்பர் வளையம், குண்டூசி, பேப்பர் கிளிப்தான் கெட்டவை. ரப்பர் உருகி ஒட்டும், இரும்பு துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அவற்றை எடுத்துவிட்டு, கடிதங்களை விரித்து, அமிலமற்ற தாளில் வைத்தால் அதே டின்னில் இன்னும் ஒரு தலைமுறை இருக்கும். பழைய நாளிதழில் மட்டும் சுற்றாதீர்கள். எனக்குப் பிடித்த நாளிதழாக இருந்தாலும் சொல்கிறேன், அந்தத் தாளில் அமிலம் அதிகம், மையும் ஒட்டும்.

சேலையும் பாச்சை உருண்டையும்

கூறைச் சேலை வந்தபோது பெட்டியைத் திறந்ததுமே பாச்சை உருண்டை வாடை. பூச்சி வரவில்லை, உண்மை. ஆனால் நாப்தலின் ஆவி துணியில் தங்கிவிடும், பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலின் ஆவியே ஆபத்து, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். பாட்டி பாதுகாத்து வைத்த தொட்டில் சேலையை அப்படியே எடுத்துப் பேரனுக்குத் தூளி கட்டும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபனி அறை போதும். துணியையோ புத்தகத்தையோ ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இரண்டு வாரம் வைத்திருங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். சில்லிப்பு போகாமல் திறந்தால் நீர் கோத்துவிடும். மீன், கோழிக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையா என்று என் மாமியார் முகம் சுளித்தார். பை இரண்டடுக்காக இருக்கட்டும்.

பழைய சரிகை மடிப்பில்தான் ஒடியும். ஒரே மடிப்பில் பத்து வருடம் கிடந்த சேலை அந்தக் கோட்டிலேயே கிழிகிறது. முடிந்தால் அகலமான குழாயில் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் சேலையைச் சுருட்டி வையுங்கள். இடமில்லை என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

பித்தளைப் பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேய்ப்பது பளபளப்புக்குச் சரி, ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகம் போகிறது. ஒரு சொம்பின் அடியில் வெட்டியிருந்த பெயரில் கடைசி இரண்டு எழுத்துதான் மிஞ்சியிருந்தது. பெயர் வெட்டிய இடத்தைத் தேய்க்காமல் விடுங்கள்.

தண்ணீர் வந்தபோது

2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் புகுந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அங்கே இருந்த என் தோழி வீட்டில் கீழ்மாடி முழுக்க மூழ்கியது. பிறகு அவள் அழுதது தொலைக்காட்சிக்காக அல்ல, திருமண ஆல்பத்துக்காக. ஈரப் படங்களை வெயிலில் காய வைத்திருந்தார்கள். சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, முகங்கள் உரிந்துவிட்டன.

நனைந்த படத்தைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, படம் மேலே தெரியும்படி பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். ஒட்டியவற்றைக் காய்ந்தபின் பிய்க்கவே கூடாது. நிறைய இருந்து கைக்கு நேரமில்லையா? நடுநடுவே கேக் வேகவைக்கும் தாளை வைத்து, பையில் போட்டு, இரண்டு நாளுக்குள் உறைபனி அறையில் வைத்துவிடுங்கள். பூஞ்சணம் அங்கேயே நின்றுவிடும். வீடு கழுவி முடித்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1980, 90-களின் பசை ஆல்பங்களைக் காயும் காலத்திலேயே பிரித்துவிடுவது நல்லது. படம் வர மறுத்தால் அதன் அடியில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைச் செலுத்தி மெல்ல மெல்ல அறுத்தெடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் பக்கத்தோடு கைப்பேசியில் படமெடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

பெயர் இல்லாத மூவர்

கனடாவின் பாதுகாப்புக் கழகம் அருங்காட்சியகப் பொருள்களைச் சிதைக்கும் காரணங்கள் பத்து என்று பட்டியலிட்டிருக்கிறது. தீ, நீர், பூச்சி, வெளிச்சம், திருட்டு என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று, பொருளைப் பற்றிய விவரம் பொருளை விட்டுப் பிரிந்துபோவது. மற்ற ஒன்பதும் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

கண்காட்சிக்கு ஒரு படம் வந்தது. தோட்ட அலுவலகத்துக்கு முன்னால் 14 பேர், நடுவில் கிராணி, ஓரத்தில் ஒரு சிறுவன். கொண்டுவந்தவருக்குத் தம் தாத்தாவை மட்டும் தெரியும். மதியம் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். படத்தருகே நாற்காலி போட்டுக் கொடுத்தோம். விரலால் தொட்டுத் தொட்டு 11 பேரின் பெயரைச் சொன்னார். யார் யாருக்குச் சம்பந்தி, யார் எந்த லயத்தில் இருந்தார் என்பதும் வந்தது. மூன்று பேரிடம் வந்ததும், "முகம் தெரியுது, பேரு வரமாட்டேங்குது. வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். இரண்டு மாதத்தில் அவர் இறந்துவிட்டார். இன்றும் அந்தப் படத்தின் உறையில் மூன்று கோடுகள் காலியாக இருக்கின்றன.

எழுதுவதற்கு ஒரு மென்மையான பென்சில் போதும். பேனா மை மறுபக்கம் ஊறும், ஒட்டும் தாளின் பசை கறையாகும். பழைய தாள்வகைப் படமென்றால் பின்புற ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். வழவழப்பான புதுப்படங்களில் பென்சில் பிடிக்காது, அவற்றுக்கு உறையின் மேல் எழுதுங்கள். "தாத்தா" என்று எழுதினால் உங்கள் பேரன் குழம்புவான். முழுப்பெயர், ஊர், தோட்டம், தெரிந்தால் ஆண்டு. பிறகு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் வைத்து, அதையே படமெடுத்து உடன்பிறப்புகள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். யார் வீட்டில் எது இருக்கிறது என்ற சண்டையில் பாதி அதிலேயே தீரும்.

கைப்பேசியில் படமெடுக்கும்போது பெரியவர்கள் பேசுவதையும் பதிவு செய்யுங்கள். கேள்வி கேட்டால் சிலர் அடக்கமாக ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கத்தியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், எந்த நிரையில் எத்தனை மரம் வெட்டினார் என்பதுவரை வரும்.

வீட்டில் இடமே இல்லை, பிள்ளைகளுக்கும் அக்கறை இல்லை என்றால் பழைய பொருள் வாங்குபவரிடம் போகுமுன் வேறு வழியும் உண்டு. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது. சிங்கப்பூரில் 2015-ல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தின் சேகரிப்பில் குடும்பங்கள் கொடுத்த பொருள்களும் உள்ளன. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், முதலில் படத்தையும் விவரத்தையும் அனுப்பிக் கேளுங்கள். கொடுக்கும்போது அன்பளிப்பா, இரவலா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தையும் லேமினேட் செய்யாமல் அதே பெட்டியில் வையுங்கள்.