சக்கரம் ஏறி இறங்க இடம் வேண்டும்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போக வேண்டுமானால் முதுகு வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அது. அதனால் முதல் வேலையாகக் குட்டையான, கெட்டியான ஸ்பிரிங் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். வண்டி தாழ்ந்து உட்கார்ந்து பார்வைக்கு எடுப்பாகிறது. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் டம்மென்று அடிக்கிறது, சின்னப் பள்ளத்துக்கும் தூக்கிப் போடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். இப்படி இருக்க வேண்டியதே இல்லை.

அதற்குச் சான்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சாலையில் ஓடியது. 1962-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் எலான் என்ற சிறிய திறந்த காரைக் கொண்டுவந்தது. எடை 700 கிலோவுக்கும் குறைவு. லோட்டஸின் நிறுவனர் காலின் சாப்மன் அதற்கு மென்மையான ஸ்பிரிங்குகளைப் போட்டார். சக்கரம் தாராளமாக ஏறி இறங்க இடம் விட்டார். அந்த அசைவை அடக்கும் பொறுப்பை ஷாக் அப்சார்பர்களிடம் ஒப்படைத்தார். எலான் வளைவில் சற்றுச் சாயும், ஆனால் பிடியை விடாது. கார் ஓட்டத்தின் இலக்கணமாக அதை இன்றும் பலர் சொல்வது இதனால்தான்.

ஜப்பானின் ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர்கள் ஒரு புதிய திறந்த ஸ்போர்ட்ஸ் காரைத் திட்டமிட்டபோது, அவர்கள் மனத்தில் இருந்த பழைய கார்களில் எலானும் ஒன்று. அப்படிப் பிறந்த எம்எக்ஸ்-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்கர்கள் அதை மியாட்டா என்பார்கள். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, நான்கு சக்கரங்களையும் மேலும் கீழுமாக இரு கைகளால் தாங்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள். இத்தனையும் சேர்ந்ததால், உலகில் மிக அதிகமாகச் சஸ்பென்ஷன் மாற்றப்பட்ட கார்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. வார நாளில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்துக்கும் அதே வண்டியை எடுத்துப்போகிறவர்கள் ஏராளம். நாமும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ஐயே முன்னால் நிறுத்திக்கொண்டு பேசுவோம்.

ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எந்தப் பொருளுக்கும் தனக்கென ஓர் ஆட்டம் உண்டு. வண்டியின் உடலை ஒரு முறை அழுத்திவிட்டால் நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கும் என்பதே அதன் அதிர்வெண். சாதாரணக் குடும்பக் கார்களில் இது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் 1.5 முதல் 2 வரை. பந்தயக் கார்கள் அதற்கு மேலே போகும். நாம் நடக்கும்போது நம் உடல் ஏறி இறங்குவதும் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவைதான். அதனால் இந்த எல்லைக்குள் இருக்கும் ஆட்டத்தை உடல் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. செங்குத்து அதிர்வில் மனித உடல் அதிகம் வருந்துவது சுமார் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சக்கரம் தாங்கும் உடல் எடை 225 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் 1.5 ஆக இருக்க, சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் இருந்தால் போதும். அந்த விறைப்பை ஒன்றரை மடங்காக்கினால் அதிர்வெண்ணும் ஒன்றரை மடங்காகாது. விறைப்பின் வர்க்கமூலத்தைத்தான் அது பின்பற்றும் என்பதால், 1.5-லிருந்து சுமார் 1.84-க்கு மட்டுமே போகும். ஸ்பிரிங்கை ஐம்பது சதவீதம் இறுக்கியும் நாம் இன்னும் பாதுகாப்பான எல்லைக்குள்தான் இருக்கிறோம். ஸ்பிரிங் கெட்டியானதால் மட்டும் முதுகு வலிக்காது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அப்படியானால் டம்மென்று அடிப்பது எது?

ஷாக் அப்சார்பரின் தண்டில் ஒரு பாலியூரித்தேன் நுரைத் துண்டு செருகப்பட்டிருக்கும். அதற்குப் பம்ப் ஸ்டாப் என்று பெயர். சக்கரம் மேலே ஏறிக்கொண்டே போய் இரும்பும் இரும்பும் மோதுவதற்கு முன்னால் தடுப்பது அதன் வேலை. அதுவும் ஒரு வகை ஸ்பிரிங்தான். ஆனால் நசுங்க நசுங்க அதன் விறைப்பு பல மடங்கு ஏறும். அதைத் தொட்ட கணத்திலிருந்து, நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்குக்குப் பெரிதாக வேலை இல்லை. வண்டியின் எடை அந்த நுரைத் துண்டின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் உடல் வெறுக்கும் அதிர்வுகள் பிறக்கின்றன.

எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறையில் சக்கரம் மேலே ஏறக் கிடைக்கும் இடம், குறிப்பாகப் பின்னால், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே குறைவு. அதை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிச்சமிருப்பது மிகச் சொற்பம். ஆள் ஏறி உட்கார்ந்த உடனேயே பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வண்டிகளும் உண்டு. இது சொகுசுக் கேடு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. வளைவின் நடுவில் வெளிப்புறப் பின் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் முட்டினால், பின்பக்க விறைப்பு திடீரென்று ஏறும். பின் டயர் பிடி விட்டு வால் வெளியே வீசும். ஓட்டுபவருக்கு முன்னறிவிப்பே இருக்காது.

எனவே என்னைக் கேட்டால், தரமுயர்த்தும் வேலை ஸ்பிரிங் கடையில் தொடங்கக் கூடாது. இருக்கும் இடம் எவ்வளவு என்று அளப்பதில் தொடங்க வேண்டும். தூசி உறையை விலக்கி, ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையை லேசாகக் கட்டி, தினமும் போகும் சாலையில் ஒரு சுற்று ஓட்டி வந்து பார்த்தால், சக்கரம் எதுவரை ஏறியது என்று அது நகர்ந்திருக்கும் இடமே சொல்லிவிடும். 1998-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் ஷாக் மேல் மவுண்ட்டுகளை முதல் தலைமுறை வண்டிக்கு மாட்டும் வழக்கம் இந்த இடப் பற்றாக்குறையால்தான் வந்தது. அவற்றின் வடிவமைப்பு ஷாக்குக்குக் கூடுதல் ஓட்டம் தருகிறது. வண்டி தாழாமல், ஸ்பிரிங் மாறாமல், அடி மட்டும் குறைகிறது. பார்வைக்குத் தெரியாத, யாரிடமும் காட்ட முடியாத இந்த வேலையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

அடுத்தது ஷாக். இங்குதான் பணத்தைத் தயங்காமல் செலவிட வேண்டும். ஸ்பிரிங் ஆற்றலை வாங்கி வைத்துத் திருப்பித் தரும். அதை வெப்பமாக்கித் தொலைப்பது ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய். பிஸ்டனில் நுண்துளைகளும், அவற்றின் மேல் மெல்லிய எஃகு வட்டுகளின் அடுக்கும் இருக்கும். தண்ணீருக்குள் கையை மெல்ல நகர்த்தினால் எளிதாகப் போகிறது, வேகமாக வீசினால் தடுக்கிறது. எண்ணெயும் அப்படித்தான் பிஸ்டனின் வேகத்துக்கேற்பத் தடுக்கும். கவனிக்க வேண்டியது, இது காரின் வேகம் அல்ல. வளைவில் வண்டி சாய்வதும் பிரேக் போட்டால் மூக்கு தாழ்வதும் பிஸ்டனுக்கு மெதுவான அசைவுகள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனாலும் கூர்மையான பள்ள விளிம்பு பிஸ்டனுக்கு அதிவேக அசைவு.

ஷாக் வடிவமைப்பாளரின் திறமையெல்லாம் இந்த இரண்டையும் பிரிப்பதில் இருக்கிறது. மெதுவான அசைவில் நன்றாகத் தடுத்து, வேகமான அசைவில் வட்டுகள் வளைந்து வழிவிட வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் ஓட்டுபவரின் கைக்கு இறுக்கமும் பயணியின் முதுகுக்கு இதமும் ஒரே வண்டியில் கிடைக்கும். மலிவான ஷாக்கில் இந்தப் பிரிவினை இருக்காது. அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி தடுக்கும், அல்லது எதையும் தடுக்காது. வட்டுகளின் அடுக்கு சரியில்லாத ஷாக்கில் இறுக்கத்தை மாற்ற முப்பது படி திருகு இருந்தும் பயனில்லை.

கெட்டியான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு சேர்ப்பதுதான் மிகப் பரவலான தவறு. விறைப்பை இரட்டிப்பாக்கினால், அதே ஷாக்கின் அடக்கும் விகிதம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும். வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் துள்ளிக்கொண்டே இருக்கும். நேர்மாறான தவறும் உண்டு. சக்கரம் கீழே திரும்பும் திசையில் ஷாக்கை அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரத்துக்கு முழுதாகத் திரும்ப நேரம் கிடைக்காது. வண்டி ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் போய் நிற்கும். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து சேர்கிறோம்.

சரி, எந்த வகை ஷாக்? பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் புர்சியே த கார்போன் வகுத்த ஒற்றைக் குழாய் ஷாக்கை ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ் கார்களுக்காகத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்தது. இதில் எண்ணெய்க்கும் அழுத்தமேற்றிய நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டன் இருப்பதால், கடுமையாக ஓட்டினாலும் எண்ணெய் நுரைக்காது. ஒற்றைக் குழாய் என்பதால் சூடும் சீக்கிரம் வெளியேறும். 1994-இல் மாஸ்டா தந்த ஆர் பேக்கேஜ் எம்எக்ஸ்-5-இல் பில்ஸ்டீன் ஷாக்குகளே இருந்தன. காந்தப்புலத்தால் கெட்டிப்படும் திரவத்தைக் கொண்ட மேக்னரைடு ஷாக்குகள் 2002-இல் காடிலாக் காரில் வந்துவிட்டன. ஆனால் பழைய வண்டியில் அவற்றைப் பொருத்துவது தனிப் பெரும் வேலை.

ஸ்பிரிங் தேர்வில் ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். 1930-களில் காடிலாக்கில் வேலை பார்த்த மாரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், எடைகளை இடம் மாற்றக்கூடிய ஒரு சோதனைக் காரில் பயணிகளை உட்காரவைத்து ஆராய்ந்தார். அவர் கண்டது இதுதான். முன் சக்கரம் மேட்டில் ஏறிச் சிறிது நேரம் கழித்துத்தான் பின் சக்கரம் ஏறுகிறது. எம்எக்ஸ்-5-இன் சக்கர இடைவெளி 2,265 மில்லிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் தாமதம் சுமார் 0.14 நொடி. முன்னும் பின்னும் ஒரே அதிர்வெண்ணில் ஆடினால் இந்தத் தாமதம் தீரவே தீராது. முன் மூக்கு ஏறும்போது வால் இறங்கி, தலை முன்னும் பின்னும் ஆடும். பின்பக்க அதிர்வெண்ணைச் சற்றே கூட்டினால், தாமதமாகப் புறப்பட்ட வால் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, வண்டி முழுதும் ஒன்றாக ஏறி இறங்கும். உடல் அதை எளிதில் தாங்கும். ஸ்பிரிங் வாங்கும்போது முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று விறைப்பை மட்டும் கேட்காமல், சக்கரத்தில் அது என்ன அதிர்வெண்ணாக மாறும் என்று கேட்க வேண்டும். விஷ்போனின் நெம்புகோல் விகிதம் வர்க்கமாகப் பெருக்கப்படுவதால், ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விகிதம் 0.7 என்றால் அந்த எண்ணில் பாதிதான் சக்கரத்தை வந்தடையும்.

சாய்வைக் குறைக்க மட்டும் விரும்புபவருக்கு, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பி நல்ல வழி. இரு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அது குறுக்கே வராது. ஆனால் தடிமனின் நான்காம் படியாக விறைப்பு ஏறும். பத்து சதவீதம் தடித்த கம்பி நாற்பத்தாறு சதவீதம் கூடுதல் விறைப்பு தரும். மிகத் தடித்ததைப் போட்டால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஓட்டுபவரின் தலை இடமும் வலமும் ஆடும்.

டயரை மறந்துவிடக் கூடாது. சாலையை முதலில் தொடும் ஸ்பிரிங் டயரின் பக்கச்சுவர்தான். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 185/60 டயரோடு 14 அங்குலச் சக்கரத்தில் வந்தது. 17 அங்குலச் சக்கரமும் ரிப்பன் போன்ற டயரும் போட்டால், மேலே சொன்ன எல்லா உழைப்பிலும் பாதி வீணாகும். கூடவே, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும் ஏறுகிறது. அந்த எடையை அடக்கும் வேலை மறுபடியும் ஷாக்கின் தலையில் விழும். மாஸ்டா சொன்ன காற்றழுத்தம் வெறும் 26 பிஎஸ்ஐ. மற்றக் கார்களின் பழக்கத்தில் 32, 33 என்று அடித்துவிட்டு வண்டி தூக்கிப் போடுகிறதே என்று சஸ்பென்ஷனைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. செலவில்லாத திருத்தம் இது, இன்றைக்கே செய்யலாம்.

விஷ்போன்கள் அசையும் மூட்டுகளில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. முப்பது வயதான வண்டியில் அவை வெடித்தும் தளர்ந்தும் போயிருக்கும். ஸ்டியரிங்கில் தெரியும் தொய்வுக்குப் பாதிக் காரணம் அவை. புதிய ரப்பர் போட்டாலே வண்டி இளமையாகும். பாலியூரித்தேன் புஷ் துல்லியம் தரும், ஆனால் கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும், சிறு அதிர்வுகளையும் உள்ளே கடத்தும். தினசரி வண்டிக்கு ரப்பரே என் தேர்வு.

ரப்பர் புஷ்ஷில் ஒரு வேலை நுணுக்கம் இருக்கிறது, பல பட்டறைகள் இதைத் தவறவிடுகின்றன. இந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டுதான் அசைகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முடுக்கிவிட்டால், வண்டி தரையிறங்கியதும் ரப்பர் நிரந்தர முறுக்கில் சிக்கிக்கொள்ளும். நிற்கும்போதே சஸ்பென்ஷனுக்கு எதிராக அது இழுக்கும், சீக்கிரம் கிழியும். எனவே போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு, அந்த உயரத்தில் வைத்து முடுக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். இவ்வளவு எடை குறைந்த காரில் ஓட்டுபவர் ஏறினாலே கோணங்கள் மாறும். அதனால் இருக்கையில் அவருடைய எடைக்கு மணல் மூட்டை வைத்து அளப்பதே சரி.